அனுப்பும் காரணம்

ரூவி கடைத்தெரு எக்ஸ்சேஞ்சில்
மூன்றாம் எண் கவுண்டர் என்னுடையது.
கண்ணாடியில் ஒரு கை நுழையும் அளவுக்குத் துளை.
பணம் உள்ளே வரும், ரசீது வெளியே போகும்.
இடையில் புத்திமதி சொல்ல
எனக்குச் சம்பளம் இல்லை.
இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ரூபாய் விழுந்த அன்றுதான் இங்கே கூட்டம் எழும்.
ரேட் நன்றாயிருக்கிறதென்று
கடன் அட்டையைத் தேய்த்து அனுப்பாதீர்கள் அண்ணே,
ரேட் கொடுத்ததை வட்டி தின்றுவிடும்.
ஊரில் இன்னும் சாதாரணக் கணக்குதானா?
இந்த லீவில் என்.ஆர்.இ.க்கு மாற்றுங்கள்.
நாமினி கட்டத்தில் பெயர் இருக்கிறதா,
அந்தப் பெயர் உயிரோடு இருக்கிறதா, பாருங்கள்.
தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து வேண்டாம்.
மச்சான் கேட்டாலும் வேண்டாம்.
மச்சான் கேட்டால் வேண்டவே வேண்டாம்.

பின்னால் நிற்பவர் இருமுவார்.
நான் நோட்டு எண்ணத் தொடங்குவேன்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
அனுப்பும் காரணம்.
யாரும் படிப்பதில்லை, நானே நிரப்புவேன்.
குடும்பப் பராமரிப்பு.
தங்கை புருஷனின் லாரிக்குப் போனதும்
குடும்பப் பராமரிப்பு.
அந்த லாரி இடித்த வழக்குக்குப் போனதும்.
சீட்டு பிடித்தவள் ஓடிப்போன மாதம்
அதே சீட்டுக்குப் போன நூறு ரியாலும்.
மாடிக்கு. மாடியில் விழுந்த விரிசலுக்கு.

அருள்சகாயம் வியாழக்கிழமை வந்தார்.
வாதி கபீரில் ரேடியேட்டர் பட்டறை.
பச்சைக் கூலண்ட் கறை விரலில் இருந்து
நோட்டுக்கும் கொஞ்சம் ஏறியிருக்கும்;
மாலையில் கட்டுக் கட்டும்போது
இது அவர் பணம் என்று தெரியும் எனக்கு.
இன்றைக்குக் கறை இல்லை.
பட்டறை கைமாறிவிட்டது, விசா ரத்தாகிறது,
பத்தொன்பது வருடத்துக்குப் பணிக்கொடை
இரண்டாயிரத்துச் சொச்சம்,
வங்கியில் இருந்து நேராக வந்த புதுத் தாள்கள்.

"இதுவரைக்கும் மொத்தம் எவ்வளவு அனுப்பியிருக்கேன்னு
மிஷின்ல இருக்குமா தங்கச்சி?"

மிஷினுக்குப் பதினோரு வருடம்தான் ஞாபகம்.
அதற்கு முந்தியது பழைய கம்பெனியோடு போயிற்று.
இருப்பதை அடித்துக் கொடுத்தேன். ஏழு தாள்.
நின்றபடியே படித்தார்.
நூறு. நூற்றுப் பத்து. நூறு.
கொரோனா வருடத்தில் நாற்பது, இருபது,
பிறகு இரண்டு மாதம் வரியே இல்லை.
ஓரிடத்தில் முந்நூற்று எண்பது.
அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு
வெகுநேரம் நின்றார்.
"இது எதுக்குன்னு நெனப்பு வரமாட்டேங்குது."

கடைசித் தாளைத் திருப்பிவிட்டுக் கேட்டார்:
"எல்லாத்துக்கும் ஒரே காரணம் போட்டிருக்கியே,
வேற காரணமே கிடையாதா?"

இருக்கிறது. திரையில் இழுத்து வாசித்தேன்.
கல்வி. மருத்துவம். கடன் அடைப்பு.
நிலம் வாங்க. பரிசு.
பரிசு என்றதும் சிரித்தார்.
சேமிப்பு என்றதும்
"அதைப் போடு" என்றார்.

பெறுபவர்?
அருள்சகாயம்.
உங்களுக்கு என்ன உறவு?
யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.
பின்னால் ஒருவர் இருமினார்.
மிஷினிடம் அதற்கும் ஒரு சொல் இருந்தது: தானே.
அழுத்தினேன்.

முழுத்தொகையுமா?
பாதி.
மீதிக்கு?
மீதி பழையபடி.

கமிஷன் இரண்டு தரம் ஆகும் அண்ணே,
ஒரே கணக்குக்குப் போட்டுவிட்டு
ஊரில் போய்ப் பிரித்துக்கொள்ளுங்கள்,
இரண்டு ரியால் மிச்சம் என்றேன்.

ஊர்ல போய் என்றால் பிரியாது என்றார்.
துளை வழியே நீட்டினார்,
அவர் வீணாக்கி நான் பார்த்த
முதல் இரண்டு ரியாலை.