வரி 15000

சித்திரை பிறந்து ஐந்து நாள்.
ஸ்காபரோவில் பனி இன்னும்
கார் தரிப்பிடத்தின் மூலையில்
கறுத்துக் கிடக்கிறது,
யாரோ விட்டுப்போன அழுக்கு மூட்டையாய்.

வியாழன் மாலை. நூலகத்தின் இரண்டாம் அறை.
சுவரோரச் சூடேற்றி இருமிக்கொண்டிருக்கிறது.
ஐந்து பிள்ளைகள், மூன்று மடிக்கணினிகள்,
ஒரு பெட்டி டிம்பிற்ஸ்.

நான் பகலில்
பல் வைத்தியரிடம் தொலைபேசி எடுப்பவள்.
இருபத்தாறு வயது.
இதே படிவத்தை நிரப்பித்தான் படித்தேன்,
கடன் இன்னும் கட்டி முடியவில்லை.
ஆலோசகர் என்று என்னை யாரும் சொல்ல வேண்டாம்.
பிழைவிட்ட இடங்களை
ஞாபகம் வைத்திருப்பவள், அவ்வளவுதான்.

யதுசனுக்கு வாட்டர்லூ இடம் தந்துவிட்டது;
ஏற்பதா, டொராண்டோவுக்குக் காத்திருப்பதா என்று
நகம் கடிக்கிறான்.
லக்சிகாவின் அம்மா மருத்துவம் என்கிறா.
லக்சிகா விலங்கியல் என்று எழுதி
அழித்து
மறுபடியும் எழுதுகிறாள்.

ஆரபி மட்டும் உதவிப்பணப் படிவத்தில் நிற்கிறாள்.
பெற்றோர் வருமானம்.

"அப்பான்ர கடிதத்தில
பதினையாயிரமாவது வரியைப் பார்" என்றேன்.
"வரி எண்டா டாக்ஸா அக்கா, லைனா?"
"ரெண்டும்தான்."
நெற்றியில் விழுவதும் அதுதான் என்று
சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டேன்.

அப்பா ஒட்டிக் கொடுத்த உறை.
உள்ளே எட்டாய் மடித்த தாள்.
ஒருவரும் பிரிக்கக்கூடாது என்று
மடித்ததுபோல் அத்தனை இறுக்கம்.
விரலால் இறங்கி இறங்கிப் போனாள்.
நின்றாள்.

"அக்கா, இது மாசத்துக்கா?"

சூடேற்றிகூட இருமவில்லை.

"வருசத்துக்கு."

நாக்கால் பல்லின் கம்பியைத் தடவினாள்.
அந்தக் கம்பியின் விலை எனக்குத் தெரியும்.
மாதத் தவணைக்கு
நினைவூட்டல் அழைப்பு எடுப்பதே நான்தான்.
வேறெதையெல்லாம் கூட்டினாளோ,
வயலின் வகுப்பையோ,
ஒன்பதாம் வகுப்பில் கியூபெக் போன பேருந்தையோ,
"காசைப் பற்றி நீ யோசியாதை" என்று
எப்போதும் அரைவாசியில் வெட்டப்பட்ட பேச்சையோ.
கணிதத்தில் தொண்ணூற்று நான்கு எடுப்பவள்.
இந்தக் கணக்கை இன்றுதான் செய்கிறாள்.

எதையாவது சொல்லவேண்டுமே என்று சொன்னேன்:
"எண் சின்னனெண்டா அவங்கள் தாறது கூட.
பாதிக்கு மேல கடனே இல்லை,
திருப்பிக் குடுக்கத் தேவையில்லை."
பொய் இல்லை.
ஆனாலும் நல்ல செய்தி சொல்கிற குரல்
எனக்கு வரவில்லை.

ஐந்து இலக்கம்.
ஒற்றை விரலால்
ஒவ்வொன்றாய் அழுத்தினாள்,
ஆட்கள் உறங்கும் வீட்டின்
அழைப்புமணியை அழுத்துபவள்போல.

ஏழே முக்காலுக்கு அவர் வந்தார்.
பாண் தொழிற்சாலையின் இரவுச் சட்டை,
வாசலில் சப்பாத்தை இரண்டு தரம் துடைத்தார்.
"முடிஞ்சுதோ பிள்ளை?"
"ஒரு கையெழுத்து மட்டும், அப்பா."

அச்சடித்த தாளை அவர்முன் வைத்தவள்
எண்ணின் மேல்
உள்ளங்கையை ஊன்றிக்கொண்டாள்,
தாள் பறந்துவிடும் என்பதுபோல.
அறையில் காற்று இல்லை.

அவரும் அந்தக் கையைப் பார்க்கவில்லை.
தேவமனோகரன் என்று
ஏழெழுத்தும் தமிழில்
ஆறுதலாய் எழுதினார்.
எட்டாய் மடித்தவரும்
கைவைத்து மறைத்தவளும்
ஒரே எண்ணுக்குத்தான் காவல் நின்றார்கள்,
ஒருவருக்கெதிராக மற்றவர்.

"எவ்வளவு கேக்கிறாங்கள்?"
"கேக்கேல்லை அப்பா. தருவாங்களாம்."
"ஏன்,
எங்களை அவங்களுக்குத் தெரியுமோ?"

அவள் சிரித்துவிட்டாள்.
குழல்விளக்கின் கீழ்
கம்பி முழுவதும் மின்னியது.

அவர்கள் போனபின்
மேசையில் ஒரு டிம்பிற் மிச்சம்.
"அடுத்தது ஆர்?" என்றேன்.
யதுசன் தன் உறையைக் கையில் வைத்திருந்தான்.
பிரிக்கவில்லை.