நண்டுக்கு ஒரு நடை

முதலில் வரைந்தது ஒரு பையனை.
முள்ளுமுடி, முட்டைக்கண், கழுத்தில் துண்டு.
"எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கானே"
என்றாள் சர்புன்னிஸா.
அழித்தேன்.

அடுத்தது ஒரு நீர்த்துளி.
மேட்டூரில் புறப்பட்டுச் சிரித்துக்கொண்டே வரும்.
போன வருஷம் மூன்று குழு அதைத்தான் செய்தது
என்றான் சகாயம்.
மூன்று துளியும் கல்லணை தாண்டுவதற்குள்
செமஸ்டர் முடிந்துவிட்டதாம்.

ஐப்பசியில் ஊருக்குப் போனேன்,
மன்னார்குடியிலிருந்து கடைசிப் பேருந்தில்.
காலையில் அப்பா வரப்பில் குத்துக்காலிட்டு
ஒரு வளையைத் திட்டிக்கொண்டிருந்தார்.
ராத்திரி கட்டிய தண்ணீர் விடிவதற்குள் காலி.
"வெளிய வாடா!
யாரு வூட்டுத் தண்ணிய எவனுக்குடா ஊத்துற?"

வளைக்குள்ளிருந்து
தீக்குச்சி முனையில் ஒட்டிய மிளகு மாதிரி
இரண்டு கண்கள் எழுந்து அவரைப் பார்த்தன.
ஒன்று மடங்கியது.
கொஞ்சம் யோசித்து, மற்றது.

மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம்
அங்கேயே வரைந்தேன்.
மருந்து, இவனுக்கென்று வாங்கிய குருணை.

நடக்க வைப்பதற்குத்தான் செத்தோம்.
காணொளிகள் எல்லாம் இரண்டு கால்காரர்களுக்கு:
குதிகால் படும், உடம்பு தாழும், மறுகால் கடக்கும்.
இவனுக்கு எட்டு. குதிகாலே கிடையாது.
முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று
கட்டம் போட்ட தாளில்
இவனுக்கு எது முன்பக்கம்?
பார்க்கிற திசை ஒன்று, போகிற திசை வேறு.
விடுதிக் கணினி
ஒவ்வொரு ராத்திரியும் ஆறாவது காலில் உறைந்துவிடும்.

நாலாம் ராத்திரி சகாயம்
மேசைமேல் எட்டு விரலையும் ஊன்றி
பக்கவாட்டில் ஓடவிட்டான்.
கட்டைவிரல் இரண்டும் கொடுக்கு.
அதைப் படம்பிடித்துச் சட்டகம் சட்டகமாக வரைந்தோம்.
ஆகையால் இவன் நடை சகாயத்தின் நடை.
சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய
சகாயத்தின் மோதிரவிரல் கொஞ்சம் பிந்தும்.
இவனுக்கும் இடப்பக்கம் மூன்றாம் கால் பிந்தும்.

குரலுக்கு அலையவில்லை.
அப்பா திட்டியது கைப்பேசியில் இருந்தது.
சுருதியைக் கூட்டி, இருமலை வெட்டி,
பூட்டிக்கிடக்கும் மதகின் முன்னால் இவனை நிறுத்தினேன்.
"யாரு வூட்டுத் தண்ணிய எவனுக்குடா ஊத்துற?"
மதகு பதில் சொல்லாது.
அதை வரைய அரைமணிதான் ஆனது.

"இவனுக்கு என்ன வேணும்?"
வாசுகி மேடம் தாளைத் தட்டினார்.
படுக்க ஈரமாக ஓர் இடம் என்று எழுதினேன்.
"அது எல்லா நண்டுக்கும் வேணும்.
இவனுக்கு?"

மறுபடி ஊர். மறுபடி அந்த வரப்பு.
கடைமடையில் எங்கள் வயல் கடைசிக்கு முந்தியது.
கடைசி குஞ்சம்மாளுடையது.
அங்கே வாய்க்கால் எட்டாது,
ஆனால் அவள் பயிர் கரும்பச்சையாக நின்றது.
வளையின் மறுவாய் அவள் பக்கம் திறந்திருந்தது.
அதிலிருந்து பயிர்வரை
விரலால் கீறிய சின்னக் கால்.
வாயோரம் இடிந்துவிடாமல் இரண்டு ஓட்டுச்சில்லு.

குஞ்சம்மா என் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"படம் போடுறியா? போடு.
இந்தப் பக்கத்த மட்டும் போட்டுடாத."

போடவில்லை.
இவன் வளைக்குள் இறங்குகிறான்,
பிந்தும் கால் கடைசியாக மறைகிறது,
அப்புறம் இருபத்துநான்கு சட்டகம் வெறும் கறுப்பு,
தண்ணீர்ச் சத்தம்.
'முடிவு தெளிவாக இல்லை.'
ஐந்து மதிப்பெண் போயிற்று.
சர்புன்னிஸா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.
அவளிடமும் காரணம் சொல்லவில்லை.

அப்பா கைப்பேசியில் மூன்று தடவை பார்த்தார்.
"என்னாட்டமே பேசுது சனியன்."
சிரித்தார். நாலாவது தடவை
கறுப்பு வந்ததும் முகத்தருகே கொண்டுபோய்,
"எங்க போவுது அது?"

கம்ப்யூட்டர் நின்னுபோச்சுப்பா
என்றேன்.