முதலில் பச்சைத்தண்ணி

அல்லிமுத்து களிம்பு தடவினால்
சுண்ணாம்பு அடித்த சுவர்தான்.
தோல்ஷாப்பில் நைட் ஷிப்ட் முடித்து வந்த கை
பாதித் தூக்கத்தில் பிதுக்கும்.
மூடி தொலைந்த டியூப் வேறு,
தொட்டாலே கொட்டும்.
பாப்பாவின் தொடையிடுக்கில் இருக்கவேண்டியது
முட்டியில், குதிகாலில், பாயில்.
பஸ்ஸுக்கு ஓடுமுன் ஒருதரம் தூக்கியதில்
என் நீலக் கோட்டின் தோளில்.

தெரியாமலே மாதனூரில் ஏறித்
துத்திப்பட்டில் இறங்கினேன்.

பேறுகால லீவு முடிந்து பதினோராம் நாள்.
கம்பெனி திரும்பத் தந்தது ஒரே கோட்டு.
"அடுத்தது ஸ்டாக் வந்தா."

பத்தரை மணிக்கு முபீனா கூப்பிட்டாள்.
செக்கிங் மேசையில் கறுப்புத் தோல்,
இடது கால், சைஸ் நாற்பத்தொன்று,
அதன்மேல் வெள்ளையாய் ஒரு கட்டைவிரல்.
"இன்னா கோட்டீஸு, ஷூவுக்கு விபூதியா?"

லைனே சிரித்தது. நானுந்தான்.
பிறகு தோளைத் தொட்டேன்.
பிசுக்கு.

"தண்ணி தொடாத" என்றாள்.
மூன்று பெற்றவள்.
கிரேப் ரப்பர் கட்டியை எடுத்து
அழுத்தாமல் ஒரே பக்கமாக இழுத்தாள்.
வெள்ளை உருண்டு உருண்டு வந்தது.
ஜோடி பிழைத்தது. சீட்டில் எதுவும் எழுதவில்லை.
"தோலு உட்டுடும். துணி உடாது.
ராத்திரிக்குப் பார்த்துக்கோ."

ராத்திரி பார்த்தேன்.
தோளில் களிம்பு.
ஒரு சாண் கீழே,
மூன்று மணிக்குக் கட்டிக்கொண்டு
வழிந்து மொடமொடத்த பால்.

பால்கறைக்குப் பச்சைத்தண்ணி.
சுடுதண்ணி பட்டால் துணியிலேயே வெந்துவிடும்.
களிம்புக்குச் சுடுதண்ணி.
பச்சைத்தண்ணியைச் சேப்பங்கிழங்கு இலைபோல
உதறிவிடும்.
கோட்டு ஒன்று.
குழாய்த்தண்ணி வந்து எட்டு நாள்.
மிச்சம் இரண்டு குடம்.

"இவ்ளோவா தடவுவ?"
"செவந்து கீது. எரியுமேன்னுதான்."
சட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்:
"ஆட்டுத்தோல்ல கொழுப்ப எடுக்க
அங்க ஒரு டிரம்மே சுத்துது.
உனக்கு ரெண்டு கை."
அதில் ஒரு கையில் பாப்பா.
அவன் போய்விட்டான்.

செல்லாத ஏடிஎம் கார்டால் சுரண்டினேன்.
தேய்த்தால் உள்ளே இறங்கும், சுரண்டினால் வெளியே வரும்.
பாப்பா பவுடரைக் கொட்டி
எண்ணெயைக் குடிக்கட்டும் என்று விட்டேன்.
அதற்குள் அவள் எழுந்து
அவள் பங்கைக் குடித்தாள்.
பிறகு பாலுக்குப் பச்சைத்தண்ணி, ஒரு சொம்பு, பொறுமையாக.
அது போனபின்
பாத்திரம் விளக்குகிற சோப்பை விரலில் எடுத்து
தோளில் மட்டும் வட்டம் வட்டமாக.
கடைசியில் அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணி.
நுரையில் மீன்நெய் வாடை வந்தது,
வெள்ளையும் வந்தது.

எல்லாம் போனதா?
நனைந்த துணியில் எந்தக் கறையும் கிடையாது.
கோட்டு முழுக்க ஒரே கருநீலம்.
காய்ந்தால்தான் உண்மை சொல்லும்.

ஃபேனுக்கு நேரே மாட்டினேன்.
நாலு மணிக்கும் ஈரம்.
இஸ்திரிப்பெட்டியை எடுத்துவிட்டு வைத்தேன்,
மிச்சமிருக்கிற எண்ணெய்
அந்தச் சூட்டில் அங்கேயே குடியேறிவிடும்.
ஈரத்தோடே போட்டுக்கொண்டு
ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன்.
பாலாற்றில் தண்ணிதான் இல்லை,
காற்று இருந்தது.

கேட்டில் முபீனா தோளைப் பிடித்து
வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
பால் இல்லை.
களிம்பு இருந்த இடத்தில்
ஓரம் மட்டும், பென்சிலால் போட்ட கோடு போல.
"இன்னும் ஒரு தபா" என்றாள்.

கிரேப் கட்டியில் பாதியை அறுத்துத் தந்தாள்.
பையில் போடக் கை விட்டேன்.
உள்ளே ஏற்கெனவே ஏதோ,
சின்னதாய், வட்டமாய்,
சோப்புப் போட்டு நானே துவைத்த
டியூப் மூடி.