சின்ன எழுத்து

காலையில் ஒன்று, இரவில் ஒன்று.
மாதம் அறுபது.
ஒரு மாத்திரை இருபத்து நான்கு ரூபாய்.
விலையைப் பட்டையின் ஓரத்தில் அச்சடிக்கிறார்கள்,
கடைக்காரர் கத்தரிக்கும்போது
முதலில் போகும் இடத்தில்.

ஆடியில் ஓவர்டைம் இல்லை.
இரவு மாத்திரையைப் பிளேடால் பாதியாக்கினேன்.
பன்னிரண்டு இரவு.
ஆறு மாத்திரை மிச்சம்,
நூற்று நாற்பத்து நான்கு ரூபாய்.

பதின்மூன்றாம் நாள் கண் விழித்தபோது
வாயில் இரும்பு ருசி,
கையில் வாட்ச்மேனின் சாவிக்கொத்து.
டியூப்லைட்டைச் சுற்றி ஏழெட்டு முகம்.
பேரணாம்பட்டு கம்பெனியில் அதுவரை
யாருக்கும் தெரியாது எனக்கு இது இருக்கிறதென்று.
ஷாகிரா மட்டும் என் சேலையை இழுத்துவிட்டு
"மெஷினை ஆஃப் பண்ணிட்டேன்" என்றாள்.
வேறொன்றும் கேட்கவில்லை.

சூப்பர்வைசர் தேவநேசன்
என்னை ஊசியிலிருந்து எடுத்து
பேக்கிங்கில் போட்டார்.
எட்டு வருஷம் மேல்தோல் தைத்தவள்
அங்கேதான் பார்த்தேன்:
அதே தோல், அதே நூல்,
காலையில் ஒரு லேபிள்,
சோற்றுக்குப் பிறகு வேறொரு லேபிள்.
டப்பாவில் ஒட்டும் விலை மூன்று மடங்கு.
"மத்தியானம் நம்ம கை தங்கமாயிடுதா கன்னிகா?"
ஷாகிராவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வேலூர்.
ஆற்காடு ரோட்டு மருந்துக்கடைப் பலகைகளில்
வங்காள எழுத்து.
எனக்குத் தெரியாத எழுத்துக்காரர்களோடு
எனக்குத் தெரிந்த வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"உடைச்சுப் போட்டியா?"
கணக்கைச் சொன்னேன். ஆறு. நூற்று நாற்பத்து நான்கு.
டாக்டரம்மா திட்டவில்லை.
பட்டையைத் திருப்பிப் பிடித்தார்.
பெரிய எழுத்துக்குக் கீழே
எறும்பு வரிசையாய் இன்னொரு பெயர்.
"மருந்து இது. மேல இருக்கறது கம்பெனி வச்ச பேரு."

லேபிள், என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
எனக்குப் புரிந்துவிட்டது.

"நீயா மாத்திடாதே. நான் எழுதித் தர்றேன்.
மாறினா ஒரே கம்பெனியில நில்லு,
மாசத்துக்கு ஒண்ணாத் தாவாதே.
அடுக்கம்பாறைக்குப் போனா காசே இல்லை."
ஒரு நாள் கூலி போகுமே, என்றேன்.
"அதையும் கணக்குல போடு."
போட்டேன். கூலியும் பஸ்ஸும் சேர்த்தால்
கிட்டத்தட்ட அங்கேயே வந்து நின்றது.

முதல் கடையில்
"அதெல்லாம் வேலைக்கு ஆகாதும்மா."
இரண்டாவதில் ஸ்டாக் இல்லை.
மூன்றாவதில் ஒரு பையன்
சீட்டைப் படித்தான், என்னைப் படிக்கவில்லை.
அறுபது மாத்திரை, நானூற்று இருபது.
பில் கேட்டேன். கொடுத்தான்.

லெவெடிராசெட்டம்.
குடியாத்தம் தாண்டும்வரை
வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்,
புதுச் சம்பந்தி பெயரைப் பழகுவதுபோல.
பக்கத்து சீட்டுக்காரர் ஜெபம் என்று நினைத்திருப்பார்.

பயம் போய்விடவில்லை.
முதல் பத்து இரவு
கட்டிலை விட்டுத் தரையில் படுத்தேன்.
மாத்திரை முழுசாய் உருண்டையாய்
தொண்டையில் இறங்குவதை
ஒவ்வொரு முறையும் கவனித்தேன்.
பிளேடு இப்போது நூல் அறுக்கிறது.

நேற்று சாப்பாட்டு மணிக்கு ஷாகிரா
அவள் அம்மாவின் சர்க்கரை மாத்திரையைக் கொண்டுவந்தாள்.
"இதுக்கும் உள்பேரு இருக்குமா பாரேன்."
திருப்பினேன்.
யாரோ அவசரமாய்க் கத்தரித்திருந்தார்கள்.
சின்ன எழுத்தில் பாதிதான் இருந்தது.
மீதியை இருவரும்
வெளிச்சத்துக்குத் தூக்கிப்பிடித்துத்
தேடிக்கொண்டிருந்தோம்,
மணி அடிக்கும்வரை.