எண்பத்தாறு கிராம்

பிளேடா, சவரத்துக்கா என்று கேட்டான்
பார்சலை நீட்டிய பையன்.
நான் பேச ஆரம்பித்தால் மன்றத்தில் சொல்கிற
பிளேடு ஒன்றும் உண்டு.
இது மூன்றாவது:
ரப்பர் ஒட்டாத வெறும் மட்டை.
திருச்சிக் கடையிலிருந்து இரண்டு வந்திருக்கின்றன.
பசைத்தடம் இல்லாமல்
ஞாயிறுக்குள் ஒன்றைத் திருப்ப வேண்டும்.

ஒன்று ஐந்தடுக்கு, முழுக்க மரம்.
மற்றது ஏழு. நடுமரத்துக்கு இருபுறமும்
கொசுவலைபோல் கறுப்பாய்க் கார்பன்.
இரண்டுமே தாக்கி ஆடுகிறவனுக்கு என்றுதான்
உறையில் போட்டிருக்கிறது.
உறையில் என்ன வேண்டுமானாலும் போடலாம்.
நான் மன்னார்குடிக்குத் தெற்கே
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
சாக்கின் மேல் அச்சடித்ததை நம்பிச்
சம்பளம் வாங்கியதில்லை.

முதலில் எடை.
நகைக்கடை அமிர்தகடேசன்
கண்ணாடிப் பெட்டிக்குள் தராசில் வைத்து
'கல் கழிக்கணுமா?' என்றான்.
மரம் எண்பத்தாறு.
கார்பன் எண்பத்தெட்டு புள்ளி மூன்று.
இரண்டு கிராம்!
ஐந்தாவது கேமில் தோளில் வந்து உட்காருமே
என்று அடித்துக்கொண்டது மனசு,
நாற்பது கிலோ மூட்டையில்
ஒரு கிலோ கூடப் போனால்
கண்ணில் படாத அதே மனசு.

பிறகு சத்தம்.
விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்தேன்.
மரம் தணிந்து பேசியது,
பக்கத்து வீட்டில் யாரோ கதவு தட்டுவதுபோல்.
கார்பன் டக்கென்றது,
காய்ந்த நெல்லைக் கடைவாயில் கடித்ததுபோல்.
ஈர நெல் சத்தம் போடாது.
பல்லில் நசுங்கும், அவ்வளவுதான்.

பழைய ரப்பரைப் பிய்த்து ஒட்டினேன்.
ஐப்பசி.
பசை வெள்ளை மாறவே இரண்டு மணி நேரம்.
மின்விசிறிக்குக் கீழே
இரண்டு மட்டையும் மல்லாந்து கிடந்தன,
வடுவூர்ச் சாலையில்
தார்ப்பாய்க்குள் கிடக்கும் குறுவைபோல.

மன்றத்தில் தபால் ஆபீஸ் ரெஜினாள்.
முள் ரப்பர் வைத்து மேசையை விட்டு
மூன்றடி தள்ளி நின்று அறுப்பாள்.
என்ன அடித்தாலும்
அனுப்புநருக்கே திரும்பி வரும்,
கூடவே ஒரு சுழலும், அபராதம்போல.

மரத்தில் பந்து ஒரு நொடியின் ஓரம்
உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறது.
அதற்குள் தெரிந்துவிடுகிறது:
கோணம் தப்பு, கால் தாமதம்,
முழங்கை உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது.
வலையில் விழுவதற்கு முன்பே
மணிக்கட்டுக்குச் செய்தி வந்துவிடும்.
கார்பன் எதுவும் சொல்லாது.
பட்டது, போனது.
விழுந்தால் புள்ளி,
வெளியே போனால் மழை, விளக்கு, மேசை.

மரத்தில் ஆடிய மூன்று ஆட்டமும் தோற்றேன்,
எதனால் என்று தெரிந்து.
கார்பனில் ஒன்று ஜெயித்தேன்.
எதனால் என்று கேட்டால்
இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

'மரம்தான் உங்களுக்கு' என்றாள் ரெஜினாள்
துண்டால் கழுத்தைத் துடைத்தபடி.
'அதுல ஆடறப்ப மூஞ்சி மாறுது உங்களுக்கு.'

மரம் நாலாயிரம். கார்பன் பதினோராயிரம்.
எத்தனை மூட்டை என்று கணக்குப் போடவில்லை.
போடாமலே தெரியும்.

ஞாயிறு சாயங்காலம் காகிதம் சுற்றிப்
பெட்டியில் வைத்துத் திருச்சிக்கு அனுப்பினேன்,
மரத்தை.
பார்சலில் முத்திரை குத்தியது ரெஜினாள்தான்.
எது என்று கேட்கவில்லை.
எடையைப் பார்த்தாள்.

திங்கள் காலை.
பெருகவாழ்ந்தான் பக்கத்திலிருந்து
அறுபது மூட்டை, நான்கு நாளாய்க் காத்திருப்பது.
ஒரு நெல்லை எடுத்துக் கடித்தேன்.
டக்கென்றது.
மானி பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
நடுங்கிக்கொண்டிருந்தது.
பேனாவை எடுத்தேன்.
எதிரே நின்றவர்
முகத்தைப் பார்க்கவில்லை, மானியையும் பார்க்கவில்லை.
என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்,
சர்வீஸ் எந்தப் பக்கம் வரும் என்று
பார்க்கிறவரைப் போல.