ஆளுக்கு எழுபத்தைந்து

கமலாபுரத்தில் மதியம் ஒன்று நாற்பது.
ஓடுபாதைமேல் காற்று கொதிக்கிறது,
அதற்கப்பால் சேர்வராயன் மலை
கொடியில் போட்ட ஈரத்துணியாய் நெளிகிறது.
நாற்பத்தொரு டிகிரி.
வெயில் ஏற ஏறக் காற்று மெலியும்.
மெலிந்த காற்று
குறைவாகத்தான் தூக்கும்.

என் வேலை கூட்டல் கழித்தல்.
இறக்கையில் விசிறி வைத்த சின்ன விமானம்,
எரிபொருள் இவ்வளவு, பெட்டி இவ்வளவு,
ஆள்?
ஆளை யாரும் நிறுப்பதில்லை.
பெரியவர் எழுபத்தைந்து, பிள்ளை முப்பத்தைந்து,
மடிக்குழந்தை பத்து.
படிவம் அப்படித்தான் சொல்கிறது.

இந்த ஊரில் மற்றதெல்லாம் நிறுத்துத்தான் விலை.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசைத்
திருகாணி கழற்றி வைத்து நிறுக்கிறார்கள்.
ஆத்தூர் சேகோ ஆலையில்
கிழங்கைத் தண்ணீரிலும் முக்கி நிறுத்து
மாவு எத்தனை பாயிண்ட் என்று பார்த்த பிறகே காசு.
மனுசனுக்கு மட்டும்
இருக்கைக்கு இவ்வளவு.

வால் பக்கம் லேசாக இருக்கிறது என்றார் கேப்டன் ரெபேரோ.
ஜான்சன்பேட்டை பேக்கரிக்காரரைப்
பதினேழாம் வரிசைக்கு மாறச் சொன்னேன்.
"பேலன்சுக்கு சார்,"
அடுத்தவருக்குக் கேட்காதபடி.
அவர் ஊருக்கே கேட்கச் சிரித்தார்:
"என்னை நம்பித்தான் பிளேனே நேரா நிக்குதா?"
எழுந்து போனவர் திரும்பி வந்து
பெல்ட்டுக்கு ஒட்டு ஒன்று கேட்டார்.
அதை மட்டும் கிசுகிசுப்பாக.

அப்படியும் நூற்றறுபது கிலோ அதிகம்.
மாம்பழத்தை இறக்கலாமா என்றேன்.
போனில் கம்பெனி கணக்குப் பார்த்தது:
மல்கோவாவுக்குக் கிலோவுக்குக் காசு,
ராத்திரி துபாய் விமானத்தைத் தவறவிட்டால் அபராதம்.
சலுகைச் சீட்டில் வந்தவர்கள் யார் யார்?
இரண்டு பேர்.
இரண்டு எழுபத்தைந்து நூற்றைம்பது,
பையோடு சேர்ந்தால் நேர்.

ஒருத்தி, ஏற்காட்டில் காபிக்கொட்டை வாங்கித் திரும்புகிறவள்,
ஓட்டல் அறைக்குச் சம்மதித்துப் போய்விட்டாள்.
இன்னொருவன் தீர்த்தகிரி, அரூர்.
நாளைப் பதினோரு மணிக்கு ஐதராபாத்தில்
கிரேன் ஆபரேட்டர் வேலைக்கு டெஸ்ட்.
கத்துவான் என்று இருந்தேன்.
பெட்டி வைக்கும் தராசில்
செருப்போடு ஏறி நின்றான்.
சிவப்பு எழுத்தில் ஐம்பத்தொன்று புள்ளி எட்டு.

"நான் இறங்கினதுல
உங்களுக்குக் கொறைஞ்சது இவ்வளவுதான் மேடம்.
மிச்சம் இருபத்து மூணு கிலோவுக்கு
இல்லாத ஆளை இறக்கியிருக்கீங்க.
கிரேன்ல இப்படிக் கணக்குப் போட்டா
பூம் முறிஞ்சிரும்."

நான் படிவத்தைப் பார்த்தேன்.
படிவத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

விமானம் ஓடியது.
எப்போதும் எழும்பும் இடம் தாண்டி ஓடியது.
தீர்த்தகிரி கண்ணாடியில் கை வைத்து நின்றான்,
உதடு அசைந்தது, எண்ணுகிறான் போல.
கடைசி வெள்ளைக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால்
சக்கரம் தரையை விட்டது.
இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்,
அதற்காக
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஐந்து ரோட்டில் ஏழு மணிக்கு பஸ் இருக்கிறது என்றேன்.
தலையாட்டினான்.
லோடர் அவன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
ஆறு கிலோ நானூறு.
அதைச் சரியாக நிறுத்திருந்தோம்.