துளை

ஏர் ஃபில்டர் பெட்டியின் மூக்கை அறுத்து
டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு துளை போட்டு
கட்டைவிரல் பருமனில் ரப்பர் குழாயை
என் முழங்காலருகே கொண்டுவந்து விட்டார்
அரவேணு பெனடிக்ட்.
கம்பெனிக்காரன் பஞ்சு வைத்து அடைத்த சங்கதியெல்லாம்
இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு
உள்ளே வந்தது.

“காசு குடுத்து சத்தமா வாங்குனீங்க?”
ஹேமாவதி பெல்ட்டை மாட்டினாள்.

இரண்டாவது கியர்.
முள் ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியதும்
குழாய்க்குள் ஒரு சீழ்க்கை முளைக்கும்.
ஏறும், இன்னும் ஏறும்,
மிதியிலிருந்து காலை எடுத்தால்
உச்சுக்கொட்டும்.
அந்த உச்சுக்காகவே
தேவையில்லாத வளைவிலும்
காலை எடுத்தேன்.

கட்டபெட்டு தாண்டி மூடுபனி.
விளக்கு வெளிச்சத்தில்
வெள்ளைக் காலுறை போட்ட நான்கு கால்கள் மட்டும்.
மேலே இருட்டு,
அதுதான் காட்டெருமை.
எஞ்சினை அணைத்தேன்.

பம்பர்வரை வந்து முகர்ந்தது.
குழாய் வழியே
என் முழங்காலில் அதன் மூச்சு:
ஈரமாய்,
தேயிலைக்காட்டுப் புல் வாசத்தோடு,
எங்கும் போகவேண்டியிராத
பெரிய எஞ்சின் ஒன்று
சும்மா ஓடிக்கொண்டிருப்பதுபோல.

அது சரிவில் இறங்கிப் போய்
வெகுநேரம் ஆகியும்
சாவியைத் திருப்ப முடியவில்லை.
ஹேமாவதி
என் மடிமேல் குனிந்து
குழாயில் காது வைத்திருந்தாள்.